வீட்டிலிருந்து பனி

எங்கே மூன்று சுழி, எங்கே இரண்டு சுழி என்பதில் அருமனை அஜிதாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தகராறு. ஆனாலும் அரசு வேலை கிடைத்தது. நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் பழைய கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை.

வீட்டில் கணவன் முருகதாஸ் படுக்கையில் கிடந்தான். வளைகுடாவில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவனை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். காலையில் அவள் பஸ் ஏறினால் பொழுது சாயும்வரை புரட்ட ஆளில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டுமா என்று கண்காணிப்பாளரிடம் கேட்டாள்.

"அப்படியொரு உத்தரவே கெடையாது," என்று அவர் கையை விரித்தார்.

பக்கத்து இருக்கை இசக்கி அக்கா விடவில்லை. "எல்லாம் இருக்குட்டி. தலைமை ஆபீஸ்ல ரெண்டு நாளு வீட்ல இருந்துதான் பாக்குதாவ. தகவல் உரிமைச் சட்டத்துல உத்தரவு நகல் கேட்டு எழுதிப் போடு."

போட்டாள். வேலை பார்க்கிற இடத்தின் மேலேயே மனுப் போட நெஞ்சில் தைரியம் வேண்டும். அன்றிலிருந்து கண்காணிப்பாளர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தாங்கள் கோரிய "வீட்டிலிருந்து பனி" தொடர்பான ஆவணம் எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை.'

பணிக்கு இரண்டு சுழி போட்டுவிட்டிருந்தாள். ஆனால் அவள் என்ன கேட்கிறாள் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரியாததுபோல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் போலிருக்கிறது.

அருமனைப் பக்கம் காய்ச்சலுக்குப் பனி என்று பெயர். வாசித்துக் காட்டியதும் முருகதாஸ் சிரித்தான். அவன் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

"பனிக்கு எதுக்குட்டி ஆவணம்? எனக்க கிட்ட இருக்குல்லா. தொட்டுப் பாரு."

விளையாட்டாகத்தான் தொட்டாள். உடம்பு கொதித்தது. திருப்பிப் பார்த்தால் முதுகுப் புண்ணில் சீழ் வைத்திருந்தது. காலையிலேயே பார்த்திருக்க வேண்டும், பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். அதை நினைத்து நினைத்து அழுதாள்.

ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, மூன்று சுழியும் தெளிவாகத் தெரிய மேல்முறையீடு எழுதி அனுப்பினாள். விடுப்பெல்லாம் தீர்ந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல கேட்டியா, நர்ஸு பெரட்டிப் போடுதாவ. நீ ஆபீசுக்குப் போ," என்றான் முருகதாஸ்.

போனாள். அன்று மத்தியானமே போன் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரம் உத்தரவு நகல் வந்து சேர்ந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணி. படுக்கையில் உள்ள குடும்பத்தினரைப் பராமரிப்பவர்களுக்கு முன்னுரிமை. ஒரு சுழிகூடப் பிசகவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கண்காணிப்பாளரும் நகலைப் படித்தார். இரக்கப்பட்டவர்போல் குரலைத் தாழ்த்தினார்.

"இனி வேணும்னா ரெண்டு நாளு வீட்ல இருந்தே பாரும்மா."

அஜிதா நகலை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"வீட்ல இருந்து இனி யாரைப் பெரட்டிப் போட, சார்?"