முப்பத்திரண்டு அங்குலம்

"1949 ஜனவரி 25, செவ்வாய். தண்டால் ஐந்து. ஆறாவதில் கை மடங்கிவிட்டது. பஸ்கி இருபது. மார்பு முப்பது. இருமல் இரண்டு தரம். சளியில் நிறம் இல்லை."

போலீஸில் சேருவதற்கு முன் நான் வைத்திருந்த நோட்டின் முதல் பக்கம் இது. பிற்பாடு டிரில் சொல்லிக்கொடுக்கும் ஹெட் கான்ஸ்டபிளாகப் பல வருஷம் ரெக்ரூட்டுகளை ஓடவிட்டேன். அதனால் நான் பிறவியிலேயே திடகாத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

முந்தின ஐப்பசியில் என் அண்ணன் மூன்று மாதம் இருமி இறந்துபோனான். காசம் என்று சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. நானும் அவனும் ஒரே பாயில் படுத்தவர்கள். அவன் தம்ளரை அம்மா புதைத்துவிட்டாள். என் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். 

1. செவ்வாய்க்கிழமை அளவு

போலீஸ் செலக்‌ஷன் தாளில் மார்பு முப்பத்திரண்டு அங்குலம் வேண்டும் என்று கண்டிருந்தது. தேறியவர்களை டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பார். நோய் இருந்தால் மார்பு சுருங்கும், வளர்ந்தால் நோய் இல்லை என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். வாசகசாலையில் கிடைத்த தேகப்பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து அட்டவணை எழுதினேன். விடிந்ததும் பனவடலிசத்திரம் ரோட்டில் ஓட்டம், திரும்பி வந்து தண்டால். மூச்சு முட்டும்போதெல்லாம் நின்று, துப்பி, ரத்தம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன்.

செவ்வாய்தோறும் என்னை அளந்தது ரத வீதியில் தையல் கடை வைத்திருந்த இசக்கி. என் வயதுக்காரன். "பொண்ணு பாக்க வாராவளாலே, இப்படி மூச்ச அடக்குத?" என்பான். முப்பது, முப்பதரை, முப்பத்தொன்று என்று நோட்டில் ஏறியது. ஏழாவது வாரம் முப்பத்திரண்டு. அன்று இரவுதான் பல மாதம் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

செலக்‌ஷனுக்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 12, அவன் வேறொருவரை அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப்புக்கு உள்ளே இரண்டு விரல் விட்டிருந்தான். என்னை முதுகுப்பக்கம் நின்று அளப்பான். அதனால் அந்த விரல்களை நான் அதுவரை கண்டதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"சட்டைக்கு அப்படித்தாம்லே அளக்கணும். இறுக்கித் தைச்சா மூஞ்சியில வீசிட்டுப் போவான்."

இறுக்கி அளக்கச் சொன்னேன். முப்பத்தொன்று. மெஷின் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, மொத நாளும் ரெண்டு வெரலு விட்டுத்தான் அளந்தேன். அப்போ இருபத்தொம்பதுதான் இருந்திருக்கும். வளந்தது வளந்ததுதாம்லே" என்றான்.

கணக்கு சரி. ஆனால் ஏழு வாரம் தப்பாக அளந்தவன் சொல்வதை அன்று என்னால் நம்ப முடியவில்லை.

2. குழாய்

மார்ச் 15 அன்று திருநெல்வேலி மைதானத்தில் சட்டையைக் கழற்றி நின்றேன். அளந்தவர் டேப்பை இழுத்துப் பிடித்தார். "முப்பத்தொண்ணு. போம்வே, நல்லா தின்னுட்டு வாரும்." டாக்டர் உட்கார்ந்திருந்த கூடாரம் வரை நான் போகவே இல்லை. மறைக்காமல் எழுதுகிறேன்: வேலை போயிற்று என்பதைவிட, குழாயில் இருந்து தப்பித்தோம் என்பதுதான் முதலில் தோன்றியது.

அந்த நிம்மதி ஊர் திரும்பும்வரைகூட நிற்கவில்லை. மறுபடி நோட்டை எடுத்தேன். இசக்கி இப்போது விரல் விடாமல் அளந்தான். அக்டோபர் 11, அதே மைதானம். முப்பத்திரண்டரை. கூடாரத்துக்குள் அனுப்பினார்கள்.

குழாய் முதுகில் பட்டதும் ஜில்லென்றது. டாக்டர் குழாயைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். அண்ணன் இருமியது என் காதில் கேட்டது.

"மூச்ச விடும்வே. எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கீரு?"

விட்டேன். மறுபக்கமும் வைத்துக் கேட்டார். "ஒண்ணுமில்ல. சட்டையப் போடும்."

என்னிடம் வந்த ரெக்ரூட்டுகளுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்: உன்னை அளக்கிறவன் எதற்காக அளந்து பழகியவன் என்று கேட்டுக்கொள். அது தெரியாமல் சந்தோஷப்படாதே, பயப்படவும் செய்யாதே.

1957இல் லீவில் ஊருக்குப் போனபோது, அண்ணனுக்கு மருந்து கொடுத்த டிஸ்பென்சரியில் விசாரித்தேன். டாக்டர் காலமாகிவிட்டார். கம்பவுண்டருக்கு அண்ணனை நினைவிருந்தது. டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தாரா என்பது நினைவில்லை. அந்த வருஷத்து ரிஜிஸ்டர் கிடைக்கவில்லை. ஆகவே, அண்ணனுக்கு வந்தது காசம்தானா என்பது இதை எழுதும் வரை உறுதிப்படவில்லை.