ரேடியேட்டர் மூடி

என் கணவர் ஆசையாக வைத்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது ரேடியேட்டரை அவரே மாட்டினார். தண்ணீர் ஊற்றியவர், உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற மறந்துவிட்டார். மறுநாள் இருவரும் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறினோம். பெருமாள்மலைக்கு முன்பே என்ஜின் கொதித்து ஆவி கிளம்பியது.

"ஆறட்டுங்க, தொடாதீங்க" என்றேன்.

"வெரசா பாத்துட்டுப் போயிரலாம்" என்று துணியை வைத்து மூடியைத் திருகினார். கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. மதுரையில் எவ்வளவோ வைத்தியம் பார்த்தும் இரு கண்களிலும் பார்வை திரும்பவில்லை.

இப்போது காரை நான் ஓட்டுகிறேன். தண்ணீர் மாற்றினால், வீட்டிலேயே மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓடவிட்டு, குமிழிகள் அடங்கிய பிறகே மூடுகிறேன். மலையில் சூடேறினால் ஓரங்கட்டி, முழுக்க ஆறும்வரை மூடியைத் தொடுவதில்லை. அப்படிக் காத்திருக்கையில், "மேகம் எறங்கிருச்சா?" என்று கேட்பார். பார்த்துச் சொல்வேன்.