வாசலில் நின்ற பிளஷர்

கள்ளக்குறிச்சி டாக்சி ஸ்டாண்டில் தெய்வசிகாமணியின் பிளஷர் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. பச்சை நிறம், கோழிமுட்டை மாதிரி முதுகு, ஐம்பத்தாறாம் வருஷத்து வண்டி. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஓடவும் ஓடும். நிற்பதுதான் அதற்குப் பிடிக்காது.

நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். சக்கரத்துக்குள் மூடின சட்டி மாதிரி ஒன்று இருக்கும். பெடலை மிதித்தால் அதற்குள் இரண்டு கட்டைகள் விரிந்து பிடிக்க வேண்டும். சமதரையில் ஏதோ பிடித்தன. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது சட்டி சூடேறிப் போய், கட்டைகள் சும்மா தடவிக் கொடுப்பதோடு சரி. சிகாமணிக்கோ மலையில்தான் பிழைப்பு. வெள்ளிமலைக்குப் போய்க் கடுக்காயும் தேனும் வாங்கி வரும் வியாபாரிகளை ஏற்றி இறக்குவான். நிறுத்த வேண்டிய இடத்துக்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே தொடங்கி, சீட்டை விட்டு எழும்பி, பம்பு அடிக்கிறவனைப் போல மிதிப்பான். கதவோரம் உட்காருகிறவர் மடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துவிடுவான். வண்டி மெதுவானதும் அவர் குதித்து, சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். இந்த உத்தியோகத்துக்காக வாடகையில் தள்ளுபடியெல்லாம் கிடையாது.

ஊரே இதைப் பொறுத்துக்கொண்டது. பொறுக்காதவள் ஒருத்திதான். அவன் பெண்டாட்டி ராஜாம்பாள்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. கல்யாணம் முடிந்து, மறுவீட்டுக்காக நைனார்பாளையத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு இதே வண்டியில்தான் போனாள். அம்மா சின்னப்பொண்ணு ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். கூடவே தெருப் பெண்கள் அத்தனை பேரும். வண்டி வந்தது. வாசலைத் தாண்டியது. ஜன்னல் வழியாக ராஜாம்பாள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா ராஜாம்பாளைப் பார்த்தாள், அவ்வளவுதான். பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். தெருக்கோடி எருக்குழியில் முன்சக்கரம் இறங்கிய பிறகுதான் வண்டிக்கு நிற்கத் தோன்றியது. ஓடின ஓட்டத்தில் ஆரத்தி முழுக்க சின்னப்பொண்ணின் பட்டுப்புடவையில். கடைசிவரை ஆரத்தி எடுக்கவில்லை.

அன்றைக்கே ராஜாம்பாள் சொல்லிவிட்டாள்: "உங்க வண்டி என்னிக்கு வாசல்ல நிக்கிதோ, அன்னிக்கு ஏறிக்கிறேன். அதுவரைக்கும் எனக்கு பஸ் இருக்குது."

சொன்னபடியே செய்தாள். ஒவ்வொரு வருஷமும் அம்மா ஊர் அம்மன் தேர்த் திருவிழாவுக்கு அவள் பஸ்ஸில் போவாள். சிகாமணி காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவான். பஸ்ஸின் பின்கண்ணாடியில் அவள் கொண்டை தெரியும். ஊரிலிருக்கும் கல்யாணப் பெண்ணையெல்லாம் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவன், தன் பெண்டாட்டி அடுத்தவன் வண்டியில் டிக்கெட் வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அவனுக்கு அது பெரிய அவமானம். வெளியே சிரித்துக்கொள்வான், உள்ளுக்குள் வலிக்கும்.

எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்துகொண்டிருந்த சமயத்தில், பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை முகம்மது கவுஸ் அவனைக் கூப்பிட்டார். எங்கேயோ மரத்தில் மோதி நசுங்கின புதுமாடல் கார் ஒன்று பாய் கடைக்கு வந்திருந்தது. அதன் முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு.

"இதாம்பா டிஸ்க் பிரேக்கு. சக்கரத்தோட தட்டு சுத்தும். மிதிச்சா ரெண்டு பக்கமும் இடுக்கி மாரி புடிச்சிக்கும். மூடி கீடி ஒண்ணும் கெடையாது, காத்தாட இருக்குது. மலையில எறங்குனாலும் சூடு கம்மி."

"எங்க வண்டிக்குச் சேருமா பாய்?"

"சேராது. சேத்துருவோம்."

சேர்த்தார்கள். தட்டு சக்கரத்துக்குச் சேரவில்லை, சக்கரம் அச்சுக்குச் சேரவில்லை, இடுக்கியைத் தாங்கப் பட்டை இல்லை. சேலத்து லேத்துப் பட்டறைக்குக் கடைசல் வேலைக்குக் கொடுத்துவிட்டது மறியலில் மாட்டி, வந்து சேரப் பல நாள் ஆனது. எல்லாம் பூட்டி முடித்து, சிகாமணி சாமி கும்பிட்டு, பெடலை ஒரு மிதி மிதித்தான். பிடித்தது. காலை எடுத்தான். பிடித்தது பிடித்தபடியே இருந்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளியும் வண்டி அசையவில்லை.

"பாய், முன்ன நிக்காத வண்டி. இப்ப நவுராத வண்டி. இன்னா வேல இது?"

கவுஸ் பாய் தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தார். டிரம் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டருக்குள், எண்ணெய் அழுத்தம் முழுக்க இறங்கிவிடாமல் தடுக்க ஒரு குட்டி வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அதுதான் வில்லன். அந்த வால்வைப் பிடுங்கி எறிந்ததும் வண்டி சாதுவாக நகர்ந்தது.

அதற்குப் பிறகு சிகாமணி தலைகால் புரியாமல் ஆடினான். மலையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு நிறுத்திக் காட்டினான். எதிரில் ஒருவரும் இல்லாத இடத்திலும் நிறுத்தினான். பின்சீட்டு வியாபாரிகளின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. மடியிலிருந்த பலாப்பழம் டாஷ்போர்டுக்கு வந்து சேர்ந்தது. "யோவ், நிக்காத வண்டியே தேவலாம்யா" என்று ஒருவர் இறங்கி நடந்தேவிட்டார்.

அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவன் நினைப்பெல்லாம் ராஜாம்பாள்மேல். ஒரு சாயங்காலம் அவளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, தெருமுனையிலிருந்து கம்பீரமாக வந்தான்.

வண்டி நின்றது. ஆனால் நாலு வீடு முன்னாலேயே.

விஷயம் இதுதான். பிரேக்கை மாற்றிவிட்டார்கள், காலை யார் மாற்றுவது? வீடு கண்ணில் பட்டதுமே அவன் கால் பழைய ஞாபகத்தில் பெடலுக்குப் போய்விட்டது. திரும்பப் போய் மறுபடி வந்தான். மூன்று வீடு தள்ளி நின்றது. இன்னொரு தரம் வந்தான். ஐந்து வீடு தள்ளி.

ராஜாம்பாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "முன்னெல்லாம் தாண்டிப் போயி நின்னுச்சி. இப்ப வந்து சேராமலே நிக்கிது. நடுவுல நம்ம வூடுன்னு ஒண்ணு இருக்குதே, அது மட்டும் உங்க வண்டிக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இதில் கொடுமை என்னவென்றால், பிரேக் பூட்டின சந்தோஷத்தில் அவன் நைனார்பாளையத்துப் பால்காரரிடம் ஏற்கெனவே மாமியாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தான்: 'இந்த வருஷம் தேருக்கு என் வண்டியிலதான் வர்றோம். ஆரத்தி கரைச்சி வைங்க.' இனி அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கவும் வழியில்லை.

தேரன்று காலையில் மறியல். பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. ராஜாம்பாள் மாவிளக்குத் தூக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், காத்திருந்து, திரும்பி நடந்து வந்தாள். வழக்கம்போல நாலு வீடு தள்ளி நின்றிருந்த பிளஷரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அம்மனுக்காக ஏறுறேன். உங்களுக்காக இல்ல."

சிகாமணிக்குச் சாவியைத் திருப்பவே இரண்டு தரம் முயல வேண்டியிருந்தது. பஸ்ஸின் பின்கண்ணாடியில் இல்லை, பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் அந்தக் கொண்டை.

சின்னசேலம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே வேப்பமரக் கிளைகள். அவற்றுக்கு முன்னால் இளவட்டங்கள் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து லாரி வந்தும் அசையவில்லை, ஜீப் வந்தும் அசையவில்லை. தூரத்தில் பச்சை முதுகு தெரிந்ததுதான் தாமதம்.

"டேய், சிகாமணி பிளஷருடா! எழுந்து ஓடுங்கடா!"

அத்தனை பேரும் வயலுக்குள் குதித்தார்கள். வண்டியோ, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போதே நின்றுவிட்டது. பிறகு அவர்களில் மூத்தவனான அய்யப்பன் வேட்டியில் ஒட்டின சேற்றைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"மாமா, நெஜமாவே நின்னுச்சா? இல்ல, ரிப்பேரா?"

"டிஸ்க் பிரேக்கு போட்டுக்கிறேம்பா. நீங்க கேக்கறது கெடைக்கணும்னுதான் நானும் வேண்டிக்கிறேன். தேருக்குப் போய்க்கினு இருக்கோம், மாவௌக்கு இருக்குது."

"போவலாம் மாமா. ஆனா ஒருக்கா நிறுத்திக் காட்டு. நாங்க பாத்தே ஆவணும்."

ஒருக்கா என்றது பல தரமாயிற்று. பின்னால் போய் வந்து வந்து நிறுத்தினான். ஒவ்வொரு தரமும் இளவட்டங்கள் கை தட்டினார்கள். அன்றைக்கு அந்த ரோட்டில் கோஷத்துக்கு வந்த ஒரே தடங்கல் அதுதான். கடைசியில் ஓரத்துக் கிளையை அவர்களே இழுத்து வழிவிட்டார்கள்.

இதையெல்லாம் ராஜாம்பாள் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் கவனித்தாள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் இந்த மனுஷனின் பயத்தில் இருந்தது.

நைனார்பாளையம் தெரு திரும்பியதும் அவள் அவன் வலது முழங்காலை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்றதுக்கு முன்ன இந்தக் கால் நவுரக் கூடாது."

"ராஜாம்பா, வூடு வருது."

"வரட்டும்."

"தாண்டிரும்டீ!"

"தாண்டாது. அதான் டிஸ்க்கு பூட்டிக்கினீங்களே, நானே நம்புறேன், நீங்க நம்ப மாட்டீங்களா? இருங்க... இருங்க... இப்ப!"

கையை எடுத்தாள். அவன் மிதித்தான். வண்டி நின்றது. ராஜாம்பாளின் பக்கத்துக் கதவு, அம்மா வீட்டு வாசற்படிக்கு நேர் எதிரே.

சிகாமணி கண்ணை மெல்லத் திறந்தான். வாசலில் கோலம் இருந்தது. படியில் ஒரு கோழி இருந்தது. ஆட்கள் யாரும் இல்லை. வீடு பூட்டியிருந்தது.

"எங்க போய்க்கிறாங்க எல்லாம்?"

ராஜாம்பாள் தலையை வெளியே நீட்டித் தெருக்கோடியைப் பார்த்தாள். அங்கே, எருக்குழிக்குப் பக்கத்தில், பட்டுப்புடவைகளின் கூட்டம். நடுவில் சின்னப்பொண்ணு, கையில் ஆரத்தித் தட்டு. மாப்பிள்ளையின் வண்டி எங்கே நிற்கும் என்று தெரிந்தவர்கள்; புடவை பாழாகாமல் இருக்க முன்கூட்டியே அங்கே போய் நின்றுவிட்டார்கள். போதாக்குறைக்குக் குழியை மூடிப் பலகை வேறு போட்டிருந்தார்கள்.

சிகாமணியின் முகம் செத்துப்போனது. கியர் மேல் கை வைத்தான். "பரவால்ல. அங்கியே போயி நிறுத்திடறேன்."

"எடுங்க கைய" என்றாள் ராஜாம்பாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட்டாள்.

"எம்மா! அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? எங்க வூட்டுக்காரரு வண்டி வாசல்லதான் நிக்கும். ஆரத்திய இங்க எடுத்துக்கினு வாங்க!"

பெண்கள் மறுபடி தெரு நெடுக ஓடி வந்தார்கள். இந்தத் தடவையும் பாதி சின்னப்பொண்ணின் புடவையில்தான் கொட்டியது. மீதியிருந்ததைச் சுற்றி, இருவர் நெற்றியிலும் வைத்து, போனால் போகிறதென்று வண்டியின் முன்சக்கரத்துக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். அதுவரைக்கும் ராஜாம்பாள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.