பிரயாண ஜெபம்

மதுரைக்கு மேற்கே நாகமலைப் பக்கத்துக் கிராமச் சபைகளில் ஜெபம் என்றால் ஒரு காலத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போதகர் இல்லை, உபதேசியாரும் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாத்தியார், அவ்வளவுதான். ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தால், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த பெண்கள் கவலைப்பட ஆரம்பிப்பார்கள்.

உலகம் உண்டானதிலிருந்து தொடங்குவேன். ஜலப்பிரளயம் வடிந்த பிறகு லண்டனில் இருக்கும் ராஜாவுக்கு ஆரோக்கியம் கேட்பேன். அப்புறம் கலெக்டர், மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, வைகையில் தண்ணீர், கண்மாயில் மீன். மீன் என் சொந்தச் சேர்க்கை, எனக்குப் பிடிக்கும். இத்தனையும் தாண்டித்தான், எந்தக் காய்ச்சல்காரருக்காகக் கூப்பிட்டார்களோ அவரிடம் வந்து சேர்வேன். சில வீடுகளில் அதற்குள் காய்ச்சலே இறங்கியிருக்கும். அதை என் ஜெபத்தின் பலன் என்றார்கள். நானும் மறுத்ததில்லை.

என் மனைவிக்கு ஒரே தம்பி. ஐந்து வயதில் தாயை இழந்த அவனுக்குத் தலை சீவி, சோறு ஊட்டி வளர்த்தது அவள்தான். எங்கள் கல்யாணத்தில் சீர்ப் பாத்திரங்களோடு அவனும் வந்து சேர்ந்தான். பாத்திரங்கள் எல்லாம் நசுங்கி ஓட்டை விழுந்த பிறகும் அவன் மட்டும் பளபளவென்று வளர்ந்தான். பத்தொன்பது வயதில் ரங்கூனில் ஒரு மரக்கடையில் வேலை கிடைத்தது. சென்னைக்கு ரயில், அங்கிருந்து கப்பல்.

எங்கள் ஆட்களில் யாராவது தூர தேசம் போனால் ரயிலடியிலேயே பிரயாண ஜெபம் செய்து அனுப்புவது வழக்கம். அன்று காலையிலேயே எழுந்து, கடலை அடக்கும் ஒரு பகுதியைப் புதிதாகத் தயார் செய்திருந்தேன். மதுரை ஸ்டேஷனில் வண்டி நின்றுகொண்டிருந்தது. என் மனைவி கையில் கட்டுச்சோற்று மூட்டை. அவன் அவள் பக்கம் திரும்பி, “அக்கா, நான் போயிட்டு...” என்று ஆரம்பித்தான்.

“மொதல்ல ஜெபம், மாப்ள. பேச்செல்லாம் அப்புறம்” என்றேன்.

“சுருக்கா முடிங்க மச்சான். வண்டி நிக்காது.”

“அதெல்லாம் ஆண்டவர் நிப்பாட்டி வைப்பாரு. நீ கண்ண மூடு.”

ரயில்காரர்களுக்கும் ஆண்டவருக்கும் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. நான் பிரளயத்தில் இருக்கும்போது மணி அடித்தது. ராஜாவிடம் வரும்போது ஊதல் கேட்டது. அந்தச் சத்தத்தில் என் குரல் அமுங்கிவிடக் கூடாதே என்று தொண்டையை உயர்த்தினேன். வங்காள விரிகுடாவை அலை அலையாக அடக்கி முடித்து ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், எதிரே வெறும் தண்டவாளம். வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல்களில் ஏழெட்டுக் கைகள் அசைந்தன. எது அவனுடையது என்று தெரியவில்லை.

பக்கத்தில் என் மனைவி இன்னும் கண்ணை மூடியபடி, சோற்று மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டிருந்த போர்ட்டர் ஒருவர்தான் சொன்னார்:

“சாமி, அந்தத் தம்பி உங்க தோள ரெண்டு தடவ தட்டிப் பாத்துச்சு. நீங்க நிப்பாட்டல. பெறகு இந்தம்மா முந்தானயத் தொட்டுட்டு ஓடிப்போயி ஏறிருச்சு.”

அவள் கண்ணைத் திறந்தாள். “காத்துன்னு நெனச்சேன்” என்றாள்.

திரும்பி நடக்கும்போது, அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, சோறு வீணாகப் போகிறதே, எனக்குப் பசிக்கிறது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பசி போய்விட்டது.

ரங்கூனிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. முதல் கடிதத்தில், “மச்சான், கடல் அமைதியாக இருந்தது. உங்கள் ஜெபம் ராஜா வரைக்கும்தான் என் காதில் விழுந்தது. மீதியை நான் வந்ததும் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தான். அதைச் சபை முழுக்கப் படித்துக் காட்டிச் சிரித்தேன். இரண்டாவது கடிதம் அக்காவுக்கு. அதை அவள் யாருக்கும் காட்டவில்லை. பிறகு ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான் என்று பேப்பரில் வந்தது. கடிதம் நின்றுபோயிற்று.

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் குடும்ப ஜெபம் உண்டு. நான் எப்போதும்போல ஆரம்பித்தேன். அவனுக்காக இன்னும் இரண்டு மடங்கு நீட்டினேன். ஒரு நாள் பாதியில் கொசு கடித்துக் கண்ணைத் திறந்தபோதுதான் கவனித்தேன், அவள் கண்ணை மூடவே இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்தபோது ஆமெனும் சொல்லவில்லை. ரயிலடிக்குப் பிறகு அவள் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஏன், என் ஜெபத்துல என்ன குறை?” என்றேன்.

“குறையெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க ஆரம்பிச்சா ஆண்டவரே கண்ண மூடிக்கிடுவாருன்னு நெனக்கிறேன். யாராச்சும் ஒருத்தர் தொறந்து வச்சிருக்க வேண்டாமா?”

“நீயா ஜெபம் பண்றதுண்டா?”

“உண்டு.”

“என்னன்னு?”

“என்னத்தப் பெருசா. அவன எங்க வச்சிருக்கீங்கன்னு கேப்பேன். பதில் வரலன்னா மறுபடி கேப்பேன்.”

என் வாழ்நாளில் ஆண்டவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றதாக எனக்கு நினைவில்லை. நான் பேசி முடித்ததும் ஆமென் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறவன்.

பர்மாவிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே தப்பி வந்தவர்கள் ரயிலில் வந்து இறங்கத் தொடங்கினார்கள். சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போவோம். கால் வீங்கி, கண் உள்ளே போய் வருகிறவர்களிடம் அவள் போய் நிற்பாள். ஒருவர் மட்டும் அந்த மரக்கடையைத் தெரியும் என்றார்.

“அம்புட்டும் எரிஞ்சு போச்சு தாயி. ஆளுக தப்பிச்சுட்டாக. நாங்க ஒரு வழியா நடந்தோம், அவுக வேற வழியா போனாக.”

அந்த ‘வேற வழி’யைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு மாதம் தெம்பாக இருந்தாள்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பர்மாவில் அகப்பட்டவர்களுக்காக வாத்தியார் ஜெபிப்பார் என்று போதகர் அறிவித்தார். எழுந்தேன். சனங்கள் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். கண்ணை மூடினேன். பிரளயம் தயாராக இருந்தது. ராஜாவும் கலெக்டரும் வரிசையில் நின்றார்கள். ஆனால் மூடிய கண்ணுக்குள், சோற்று மூட்டையைப் பிடித்திருந்த இரண்டு கைகள் வந்து நின்றுகொண்டு வழிவிட மறுத்தன. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில், பிரசங்கத் தமிழ் எல்லாம் கைவிட்டுவிட, வீட்டுப் பேச்சுத்தான் வந்தது.

“ஆண்டவரே, இவ தம்பிய அனுப்பி வையும். அக்காளும் தம்பியும் பேசிக்கிட இருந்த நேரத்த நான்தான் தின்னுட்டேன். ஒரு தடவயாச்சும் அவங்க பேசிக்கிடட்டும்.”

உட்கார்ந்துவிட்டேன். இன்னும் வரும் என்று எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவர், “ஆரம்பிச்சுட்டாரா?” என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். அப்போது பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து ஒரே ஒரு குரல் ஆமென் சொன்னது. அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

சண்டை ஓய்ந்து சில வருஷம் ஆயிற்று. அவன் வரவில்லை. வரமாட்டான் என்று சொல்லும் கடிதமும் வரவில்லை. அவன் பெயரில் ஒரு ஞாபக ஆராதனை வைத்துவிடலாமா என்று போதகர் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார்.

“வேண்டாங்கய்யா. நாங்க இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்” என்றாள் அவள்.

இப்போதும் பொழுது சாய்ந்ததும் உட்காருகிறோம். எனக்குப் பழைய வியாதி முழுதாக விடவில்லை. சில நாள் என்னை மீறிக் கண்மாய் மீன் வரைக்கும் போய்விடுவேன். அவள் லேசாக இருமுவாள். திரும்பி வந்து, கேட்க வேண்டியதைக் கேட்பேன். கேட்டுவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். அந்தச் சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நேற்று, நான் வாயைத் திறக்கும் முன்னே அவள் சொன்னாள்:

“ஏங்க, அவனுக்கு இப்ப வயசு இருபத்தேழு இருக்கும். மீச வச்சிருப்பான். அதயும் சொல்லிக் கேளுங்க.”

“ஆண்டவருக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியும். நீங்க சொல்லுங்க.”

சொன்னேன்.