பூனைக்கு வந்த நோவு

வீட்டுக்காரம்மா மார்த்தாவின் பூனையை ஒரு திங்கட்கிழமை காலை அணுசக்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். நம்புங்கள் புதுச்சேரி மக்களே, அமெரிக்காவில் பூனைக்குத் தைராய்டு அதிகம் சுரந்தால் கதிர்வீச்சுள்ள அயோடினை ஊசியாகப் போட்டு, தனி அறையில் அடைத்துவிடுகிறார்கள். கதவில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை வேறு. நம் மேட்டுப்பாளையம் ஃபாக்டரி கேட்டில்கூட அவ்வளவு கெடுபிடி கிடையாது.

மார்த்தாவுக்கு மூட்டுவலி, கூண்டு தூக்கும் உத்தியோகம் மாடியில் குடியிருக்கும் எனக்கு. டாக்டர் நோயின் அடையாளங்களை அடுக்கினார்: வாரி வாரித் தின்னும், ஆனால் இளைக்கும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், ஓரிடத்தில் உட்காராது, தொட்டதற்கெல்லாம் சீறும். அவர் சொன்னது அப்படியே மூலக்குளத்தில் இருக்கும் என் அக்கா செல்வியை. என் முகத்தைப் பார்த்து, "கவலைப்படாதீர்கள், உங்கள் பூனை பிழைத்துக்கொள்ளும்" என்று தோளைத் தட்டினார்.

அக்காவுக்கு நாங்கள் பார்த்த வைத்தியமே வேறு. கட்டிக்கொடுத்த இடம் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பம். எங்களுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. சட்டிச் சோறு தின்றும் மருமகள் எலும்பாகிறாளே என்று பார்த்த மாமியார், "வூட்டுக்கு ஆவாத பொண்ணு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பெரியாஸ்பத்திரிக்குத் தெருமுனையிலேயே பஸ் உண்டு. அதில் ஏறாமல், கண்ணுபட்டுவிட்டது என்று முடிவு செய்து, பிள்ளைச்சாவடி வரை போய்த் தாயத்துக் கட்டி வந்தோம். மிளகாய் சுற்றினோம், வேப்பிலை அடித்தோம். நாடி பிடித்துப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அன்றே மூலக்குளம் மருந்துக்கடை போனுக்கு ட்ரங்கால் போட்டு, அம்மாவையும் அக்காவையும் வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா கொதித்துவிட்டாள். "பூனைக்கு வர்ற நோவாடா எம் பொண்ணுக்கு? அமெரிக்கா போயி இதத்தான் கத்துக்கினியா?"

அக்கா போனைப் பிடுங்கினாள். "அந்தப் பூனைக்கு நல்லாவுதான்னு பாத்துட்டுச் சொல்லுடா. அப்புறம் நான் போறேன்."

ஆக, என் அக்காவின் உயிர் ஒரு செம்பட்டைப் பூனையின் கையில். கோயில் வாசல் மிதிக்காத நான் பூனைக்காக வேண்டிக்கொண்டேன்.

பூனை தேறியது, சதை போட்டது. சொன்ன சொல் தவறாமல் அக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அவர்கள் சோதித்துவிட்டு மெட்ராசுக்கு அனுப்பினார்கள். பூனைக்கு ஊசியில் போட்டதையே அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

வீடு திரும்பிய பிறகு, மருந்துக்கடைக்காரரைத் தெருவில் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போனில் பேசினாள். "கொஞ்ச நாளைக்கு யாரும் கிட்ட வரக் கூடாதாம்டா. மாமியார் கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழத்தோட வந்தாங்க. வாசல்லியே நில்லுங்க, இது அணுகுண்டு சமாச்சாரம்னு சொன்னேன். பழத்த அங்கியே வச்சுட்டு ஓடிட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனை வைத்ததும் பூனை மடியில் ஏறியது. அதன் தனிமைக் காவல் எப்போதோ முடிந்துவிட்டது. அக்காவுக்கும் சில நாளில் முடியும், தெருவே வந்து கட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு அயோடினும் குடிக்காத நான்தான், இத்தனை வருஷமாக, அவள் கிட்ட வராமல் இருக்கிறேன்.