மாடியில் கொளுத்திய சிவப்பு மத்தாப்பு

என் கொழுந்தனார் ரயில்வே கார்டு. பெங்களூரில் பையப்பனஹள்ளி தாண்டித் தண்டவாளத்தை ஒட்டித்தான் எங்கள் வீடு. தங்கவயலுக்குப் போகும் சாயங்கால வண்டியில் அவருக்கு டியூட்டி இருந்தால், வீட்டைக் கடக்கும்போது கடைசிப் பெட்டியிலிருந்து பச்சை விளக்கை இரண்டு முறை ஆட்டுவார். மாடியில் நிற்கும் என் ஓரகத்திக்காக. இரண்டே விநாடி. அதற்கு அவள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு நிற்பாள்!

எனக்கு வயிறு எரியும், மறைப்பானேன்? என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டே "டீ" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர். பதினோரு வருஷத்தில் எனக்காக ஒரு டார்ச்சைக்கூட ஆட்டியதில்லை.

போன தீபாவளிக்கு முந்தின நாள், வண்டி வரும் நேரத்துக்கு நானும் மாடிக்குப் போனேன். கையில் சிவப்பு மத்தாப்புப் பெட்டி. இந்த வெளிச்சத்தில் அவர் விளக்கு அவளுக்குத் தெரியாமல் போகட்டும், ஒரு நாளாவது ஏமாறட்டும் என்பதுதான் எண்ணம். ஆபத்துக்கென்று கார்டுகள் சிவப்பு ஃப்ளேர் வைத்திருப்பார்கள், அதைக் கொளுத்தினால் எதிரே வரும் எந்த வண்டியும் நின்றுவிடும் என்று கொழுந்தனார் சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அது ரயில்வே சாமான், இது கடை மத்தாப்புதானே என்று நினைத்தேன். பத்துக் குச்சிகளைச் சேர்த்துக் கொளுத்திச் சுவருக்கு வெளியே நீட்டினேன்.

தண்டவாளமே சிவந்துவிட்டது. வளைவில் திரும்பிய டிரைவர் பிரேக் போட்டார். கிறீச்சென்று தேய்த்துக்கொண்டே போய் வண்டி நின்றது. கீழ்வீட்டுக்காரர்கள் "ஏனாயித்து, ஏனாயித்து?" என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள். ஐயோ, கொழுந்தனார் வேலைக்கே உலை வைத்துவிட்டேனோ?

கடைசிப் பெட்டி எங்கள் வீட்டுக்கு நேரெதிரே நின்றிருந்தது. கொழுந்தனார் எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, நீங்களா!"

பிறகு வாக்கி-டாக்கியில் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வண்டி கிளம்பியது. மேலதிகாரி விளக்கம் கேட்டதற்கு, யாரோ தீபாவளி மத்தாப்பு கொளுத்தினார்கள் என்று எழுதிக் கொடுத்தாராம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல மனுஷன்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஓரகத்தியிடம் போய், "வேணும்னேதான் கொளுத்தினேன், மன்னிச்சிடும்மா" என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அட, விடுங்கக்கா. இத்தன வருஷமா அந்த வண்டியில அவரு வெளக்கத்தான் பாத்திருக்கேன். அன்னைக்குத்தான் மொகத்தப் பாத்தேன். முழுசா நாலு நிமிஷம்! எல்லாம் உங்க புண்ணியம்."

நாலு நிமிஷம்! பாவி, என் கையாலேயே அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.