கரி வேண்டாம் என்று கோட்டைக்குப் போனோம்

காலை ஏழு இருபதுக்குப் பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறினோம். சென்ட்ரலுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் நான்கு ரூபாய். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அமைச்சர்கள் இருக்கும் கோட்டையை நீங்கள் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள், பிள்ளைகளே. அன்றுவரை நானும் அப்படித்தான்.

அமைச்சரிடம் மனுக் கொடுக்கப் போனோம். எங்கள் தெருவுக்குப் பின்னால், ரயிலில் வரும் நிலக்கரியைக் கொட்டி லாரியில் ஏற்றும் யார்டு ஒன்று இருந்தது. வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் எடுப்போம். என் மகள் செல்விக்கு ஏழு வயதில் மூச்சிழுப்பு வந்தது. டாக்டர் சொன்னபடி, கரித்தூசி இல்லாத போளூரில் அவள் சித்தி வீட்டில் விட்டோம். எட்டு மாதமாகியிருந்தது. இப்போது யார்டை இரண்டு மடங்காக்கப் போவதாகப் பேச்சு. ஆக்கிவிட்டால் அவள் வீடு திரும்ப வழியில்லை.

கூட வந்த ஏழுமலை என்னோடு ஒரே கம்பெனியில் வேலை செய்பவர், பட்டாபிராமிலேயே பிறந்தவர். "இன்னா மாமே, மனுவ மார்ல அணைச்சிகினு கீறே, கைக்கொழந்த மாரி?" என்றார். எங்கள் கம்பெனி இருந்த அம்பத்தூரில் எங்கள் ஷிப்டு ஆட்கள் இறங்கினார்கள். நாங்கள் உட்கார்ந்தே இருந்தது ஏதோ தப்பு செய்வது போலிருந்தது.

எட்டரைக்குச் சென்ட்ரல். அங்கிருந்து நடந்தோம். பத்து மணிக்கு அமைச்சர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா மனுவைப் புரட்டினார்.

"என்னய்யா இது, பேருக்குப் பக்கத்துல நானூத்திப் பதினேழு, ஆயிரத்து எண்பத்தெட்டு? லாட்டரி நம்பரா?"

"டோக்கன் நம்பரு சார். அத்த போடாம எங்களுக்குக் கையெழுத்தே வராது" என்றார் ஏழுமலை.

உண்மைதான். சம்பளம், கேன்டீன், லீவு எல்லாவற்றுக்கும் டோக்கன் நம்பர் எழுதிப் பழகிய கை. மனுவில் கையெழுத்திட்ட அறுபத்து மூன்று பேரும் எங்கள் கம்பெனி ஆட்கள்தான்; அப்படியே எழுதியிருந்தார்கள்.

"ஊட்டு விலாசம் இல்லாம யாரு அந்த ஊர்க்காரன்னு எப்படி நம்புறது? எழுதிக் கொண்டாங்க."

வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். ஏழுமலை சொல்லச் சொல்ல எழுதினேன். "முருகேசன், அடிபம்புக்கு எதிர் ஊடு. எழுதிக்கோ. தாஸ், மாவு மில்லு பின்னாடி. கதவு நம்பரா? அவனுக்கே தெரியாது நைனா." முடிக்க ஒன்றே கால் ஆனது. குமாஸ்தா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

இரண்டு மணிக்கு அமைச்சர் வந்தார். செல்வியைப் பற்றி எழுதியிருந்ததையும் சேர்த்து நின்றபடியே படித்தார். 'இனிமேல் கரி வரத்தை அதிகமாக்க வேண்டாம், இருப்பதையும் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்' என்ற வரியில் விரலை வைத்தார்.

"கொழந்தை இப்ப எங்க இருக்குது?"

"போளூர்லங்கய்யா."

"அங்க இழுப்பு வருதா?"

"இல்லீங்க. நல்லா இருக்கா."

"அப்புறமென்ன? அங்கேயே படிக்கட்டும்." அன்பாகத்தான் சொன்னார்.

"ஐயா, நாளைக்குப் போளூர்லயும் கொட்டினா அங்கிருந்து எங்க அனுப்புறதுங்க? எல்லாப் பிள்ளைங்களையும் எங்க அனுப்புறது?" என்றேன்.

அவர் மனுவின் ஓரத்தில் 'பரிசீலிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவ்வளவுதான் கிடைத்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் பாரிமுனையில் டீ குடித்தோம். எதிரே போளூர் பஸ் நின்றது. நாலு மணி நேரத்தில் போய்விடலாம்.

"ஏறு மாமே. கொழந்தயப் பாத்துட்டு வா. லீவு நான் சொல்லிக்கிறேன்" என்றார் ஏழுமலை.

படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துவிட்டேன். உள்ளே ஜன்னலோரம் இடம்கூட இருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் செல்வி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகப் பையோடு வாசலில் வந்து நிற்பாள்.

கம்பியை விட்டேன். பஸ் கிளம்பியது. நாங்கள் சென்ட்ரலுக்கு நடந்தோம்.